கூரை எலியும் இல்லப் பாதுகாப்பும்

எலியைக் குறித்தும் ஒரு கட்டுரையா என்று வாசகருட் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். நம் சான்றோர் எலியை அங்ஙனம் இகழ்ந்து ஒதுக்கினாரல்லர். வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தில் எலிக்கூட்டத்தை நாகத்தின் எதிரே நிறுத்திக் காட்டுகின்றார். புறநானூற்று 190-ஆம் பாட்டிற் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கொண்டுபோய்த் தன் வளையில் நிறைக்கும் எலியைச் சிறுமனத்தார்க்கு உவமை கூறுகின்றான். ஆயின் அவை வயலிலும் உவமையிலும் வாழும் எலிகள். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது, நம் தலைக்கு மேலே, ஓட்டுக்கும் பரணுக்கும் இடையே, நாம் உறங்கும் வேளையில் விழித்திருந்து தொழில் புரியும் எலியைப் பற்றியதாகும். எம் இல்லத்தில் நேர்ந்த ஓர் இழப்பே இதனை எழுதத் தூண்டிற்று.

எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் உபதேசியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அவர் தம் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் பதினொன்றும், அவர் தந்தையார் காலத்து ஓலைச்சுவடிக் கட்டொன்றும் ஒரு மரப்பெட்டியில் வைத்து அடுப்பங்கரைப் பரணில் ஏற்றப்பட்டிருந்தன. சென்ற கோடை விடுமுறையில், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்துவிட்டோம் என்னும் சிறு செருக்குடன் யாம் அப்பெட்டியைக் கீழே இறக்கினோம். மூடியின் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையத்தக்க துளை ஒன்று இருந்தது. உள்ளே ஓலைகள் ஓரம் அரிக்கப்பட்டுக் கிடந்தன. தாள்கள் பஞ்சுபோலத் துருவப்பட்டிருந்தன. அப்பஞ்சின் நடுவே கண் திறவாத ஐந்து குஞ்சுகள் கிடந்தன. குறிப்பேடுகளில் நான்கு மட்டுமே படிக்கத்தக்கனவாய் எஞ்சின. அவற்றுள் ஒன்று, எம்மூர் உழவரும் பனைத்தொழிலாளரும் வழங்கும் சொற்களை அகர வரிசையிற் பாட்டனார் தொகுத்தது. அது ‘கைமரம்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் அவர் என்னென்ன எழுதி வைத்தாரோ, இனி அறிவார் ஒருவருமிலர்.

யாம் எலியை வைது கொண்டிருந்தோம். எம் பாட்டியார் எழுத்தறியாதவர். அப்பெட்டியை நாற்பதாண்டுகள் காத்தவரும் அவரே. அவர் சொன்னது இது: “ஏன் ஐயா எலியை ஏசுகிறாய்? அது வந்த வழி அன்றைக்கும் திறந்துதான் கிடந்தது, இன்றைக்கும் திறந்துதானே கிடக்கிறது!” இச்சொல் எம்மைச் சுட்டது. எலியைக் கொல்லுதல் ஒன்று, எலி வாராது செய்தல் மற்றொன்று என்பதையும், முன்னதை ஆண்டுதோறும் செய்து பின்னதை ஒருநாளும் செய்யாதிருந்தோம் என்பதையும் அன்றே உணர்ந்தோம்.

நிற்க. வீட்டில் வருவன எல்லாம் ஓரினத்தன அல்ல. பெருச்சாளி மண்ணைக் குடைந்து கடைகாலையும் சாக்கடையையும் கெடுப்பது. கூரை ஏறுவது அரிது. சுண்டெலி மிகச் சிறிது. எழுதுகோல் நுழையும் துளை அதற்குப் போதும். நீரும் மிகுதியாக வேண்டாது, தானியத்தைத் தின்றே நெடுநாள் வாழும். பரணுக்கும் கூரைக்கும் உரிய பகை வீட்டெலி எனப்படுவதாம். மெலிந்த உடலும், பெரிய செவிகளும், தலையும் உடலும் சேர்ந்த நீளத்தினும் மிக்க வாலும் உடைய அது, மரமும் கயிறும் சுவரும் ஏறுவதில் அணிலுக்கு இளைத்ததன்று. இவற்றின் எச்சத்தைக் கொண்டே இனத்தை அறியலாம். சுண்டெலியின் எச்சம் கால் அங்குலத்துக்கும் குறைந்தது. வீட்டெலியினது ஏறக்குறைய அரை அங்குலம், இருமுனையும் கூரியது. மூஞ்சூறு என்பது எலியினத்தைச் சேர்ந்ததே அன்று. அதன் நாற்றம் வெறுக்கத்தக்கதேயாயினும் அது பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று வாழ்வது. இரவில் மூஞ்சூற்றைத் துரத்தி அடித்துவிட்டு எலியை ஒழித்தோமென்று களிப்பவர் பலர். யாமும் அவ்வாறு களித்ததுண்டு.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்து கொண்டேயிருப்பன. கடித்துத் தேய்த்தாலன்றி அதற்கு வாழ்வில்லை. ஆகவே உணவல்லாத மரத்தையும் ஈயக் குழாயையும் மின்கம்பியின் உறையையும் அது கடிக்கின்றது. உறை நீங்கிய கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கூரையிற் தீப்பற்றுதலும் உண்டு. சூல் கொண்டு ஏறக்குறைய 22 நாளிற் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டு வரை பிறக்கும். அக்குட்டிகளும் மூன்று திங்களளவிற் பருவம் எய்திவிடும். இக்கணக்கை மனத்திற் கொண்டால் ஓர் உண்மை விளங்கும். வழியும் உணவும் முன்போலவே இருக்க, பொறிவைத்துப் பாதியைக் கொன்றால், எஞ்சிய பாதிக்கு உணவு மிகும். சில திங்களிற் கூட்டம் பழைய அளவினை எய்திவிடும். எம் இல்லத்திற் பொங்கல்தோறும் வெள்ளையடித்துப் பொறி வைப்பதும், ஆனித் திங்களில் மீண்டும் பரண்மேல் ஓட்டம் கேட்பதும் வழக்கமாயிருந்தன. காரணம் இதுவே.

எலியினால் வருங் கேடு பொருட்கேட்டோடு நிற்பதன்று. சாமுவேலின் முதலாம் ஆகமம் 6-ஆம் அதிகாரத்தில், வாதையுற்ற பெலிஸ்தர் பொன்னாற் செய்த 5 எலியுருவங்களை அனுப்பிய செய்தி உளது. அவ்வாதை பிளேக்கு நோயாயிருக்கலாம் எனப் பிற்காலத்து அறிஞர் சிலர் கருதினர். அந்நோயின் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் எர்சின் என்பார் கண்டறிந்தார். 1896-இல் அது பம்பாயிற் புகுந்தது. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே அதனை மக்களுக்குக் கொணர்வது என்பதைச் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் ஆராய்ந்து காட்டினார். எலி இறந்தவுடன் தெள்ளுகள் குளிர்ந்த உடலை விட்டு வேறு உடலை நாடுகின்றன. கூரையிற் செத்து வீழும் எலிக்குக் கீழே உறங்குபவன் மனிதன். எலி விழுந்த வீட்டை விட்டு மக்கள் வெளியேறித் தோட்டங்களிற் குடிசையிட்டு வாழ்ந்த அந்நாள்களின் நினைவாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்திற் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள. 1994-இல் சூரத்து நகரில் அந்நோயின் அச்சம் மீண்டும் எழுந்தமையும் நம் பெற்றோர் அறிவர். இக்காலத்து நாம் அடிக்கடி கேட்பது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரும் ஈரமண்ணும் தோலிலுள்ள சிறு புண் வழியே அந்நோயை உடலிற் புகுத்தும். இன்னும் ஒன்று: எலி உள்ள பரணுக்குப் பாம்பு வரும். எம் பக்கத்து வீட்டில் ஓடு மாற்ற ஏறியவர் சாரைப்பாம்பைக் கண்டு இறங்கிவிட்டார். சாரைக்கு நஞ்சில்லை, எனினும் சாரை வந்த வழி நாகத்துக்கும் வழியே.

இவற்றையெல்லாம் அஞ்சி மக்கள் முதலில் நாடுவது நஞ்சு. எம் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பெட்டி பாழான சினத்தால் யாமே கடைத்தெருவுக்குச் சென்று ஒரு பசையை வாங்கித் தேங்காய்ச் சில்லுகளில் தடவிப் பரணின்மேல் வைத்தோம். மறுநாட் காலையில், நான்காண்டு நிரம்பிய எம் தம்பியின் கையில் அத்தகைய சில்லு ஒன்று இருந்தது. எலி அதனை இழுத்துவந்து திண்ணையோரத்திற் போட்டிருந்தது. பாட்டியார் கண்டு தட்டிவிட்டார். பிள்ளை வாயில் வைக்கவில்லை என்று உறுதிப்படும் வரை வீட்டில் ஒருவரும் உண்ணவில்லை. மஞ்சள் பாஸ்பரசு கலந்த பசை உட்சென்றால், முதல் நாளில் சிறிது வாந்தியோடு தணிந்ததுபோலத் தோன்றி, சில நாளிற் கல்லீரலை அழிக்கும் என்றும், அதற்கெனத் தனி மாற்றுமருந்து இல்லை என்றும் பின்னர் அறிந்தபோது எம் கை நடுங்கிற்று. குருதி உறையாது செய்யும் வேறுவகை நஞ்சுகளும் உள. அவற்றைத் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்நஞ்சு செல்லும். ஓர் இரவில் எலிகள் பலவற்றைத் தின்று நமக்கு ஊதியமின்றி ஊழியஞ்செய்யும் கூகையை, அபசகுனம் என்று கல்லெறிந்து துரத்தும் நம் அறியாமையை என்னென்பது! அதன்றியும், நஞ்சுண்ட எலி எங்கே சாகும் என்று எவரும் உரைக்கவியலாது. கைமரத்தின் இடுக்கிற் செத்து நாறும் எலியைத் தேடி ஓடு பிரித்தவர் இதன் துன்பம் அறிவர். அன்றுமுதல் எம் இல்லத்தில் நஞ்சு விலக்கப்பட்டது.

இனி வழியடைத்தல் எவ்வாறென்பதைக் கூறுவாம். எலி எங்கே நுழைகின்றது என்று அறியாமல் அடைக்கப் புகுவது வீண். எலி வெட்டவெளியில் ஓடுவதை விரும்பாது. மீசை மயிர் சுவரைத் தொட, ஒரே தடத்தில் நாடோறும் செல்லும். அத்தடத்தில் அதன் உடம்பின் எண்ணெய்ப்பசை கருநிறக் கறையாகப் படியும். யாம் அடுப்புச் சாம்பலைச் சலித்துச் சுவர்த்தலை நெடுகிலும் பரண் விளிம்பிலும் மெல்லிதாகத் தூவினோம். காலையிற் பார்த்தபோது முன்காலின் நான்கு விரலும், பின்காலின் ஐந்து விரலும், இடையே வால் இழுத்த கோடும் ஏட்டில் எழுதியதுபோற் பதிந்திருந்தன. ஐயமான துளைகளிற் செய்தித்தாளைக் கசக்கி மெல்லத் திணித்தோம். தள்ளப்பட்ட தாள் எதுவோ அத்துளையே வழக்கிலுள்ள வழி. நான்கு நாளில் எல்லாம் வெளியாயிற்று.

வடபுறத்து முருங்கை மரத்தின் கிளை ஓட்டின்மேற் சாய்ந்திருந்தது. அது முதல் வழி. தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி இரண்டாவது. கிழக்கு மேற்குச் சுவர்களின் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே, கைமரங்களுக்கிடையில், காற்றுக்கென விடப்பட்ட இடைவெளி மூன்றாவது. உண்மையில் அதுவே தலைவாசல். முகட்டின் தென்முனையிற் சாந்து உதிர்ந்து ஓடு விலகியிருந்தது. இறவாணத்தில் ஒவ்வோர் ஓட்டின் வளைவுக்குக் கீழும் சிறு சிறு பொந்துகள் இருந்தன. பழைய நாழி ஓடு இரண்டு மூன்று அடுக்காக வேய்வது. அவ்வடுக்கின் உட்குழிவே சுண்டெலிக்கு வீதியாகிவிடும். பாசல் மிஷனார் மங்களூரிற் சூளை நிறுவி 19-ஆம் நூற்றாண்டிற் பரப்பிய தட்டை ஓடு அவ்வகையில் மேலானதே. அதற்கும் இறவாணப் பொந்து ஒழியாது.

முருங்கைக் கிளையை ஓட்டிலிருந்து ஆறடி விலகும்படி வெட்டினோம். வீட்டெலி நின்ற இடத்திலிருந்தே நான்கடி தாவவல்லது. ஆதலின் இரண்டடி மூன்றடி விலக்கிவிட்டு அமைதியுறுதல் கூடாது. முற்றத்துத் தென்னையை வெட்ட மனம் வரவில்லை. தென்னையின் அடியிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள தகரத்தை மரத்தைச் சுற்றிப் பட்டையாக அடித்தோம். வழுவழுப்பான தகரத்தில் எலியின் நகம் பற்றாது. துறைமுகத்திற் கப்பலைக் கட்டும் வடங்களில் வட்டத் தகடுகள் மாட்டியிருப்பதைக் கண்டவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஆயின் தென்னை மட்டை மற்றொரு மரத்தையோ கூரையையோ தொட்டுக் கொண்டிருப்பின் பட்டையால் ஒரு பயனுமில்லை. மின்கம்பியில் நாமே எதனையும் மாட்டப் புகுதல் உயிருக்குக் கேடு; அது வீட்டினுள் நுழையும் துளையை மட்டும், மின்பணியாளரை அழைத்து, சுற்றிலும் இறுக அடைப்பித்தோம்.

சுவர்த்தலைதான் எம்மை மிகவும் எண்ணச் செய்தது. கொத்தனார் அதனைச் செங்கல்லும் சாந்துமிட்டு முழுதும் அடைத்துவிடலாம் என்றார். அவ்வாறு செய்திருப்பின் எலி நின்றிருக்கும். சித்திரை வெயிலில் நாமும் வெந்திருப்போம். நம் முன்னோர் அவ்விடைவெளியை அறியாமையால் விட்டாரல்லர். சூடேறிய காற்று வெளியேற விட்டனர். ஆதலின் கண்ணொன்று கால் அங்குலத்துக்கு மேற்படாத இரும்புக் கம்பிவலையை வாங்கி, கைமரங்களுக்கிடையே அளவாக வெட்டி, விளிம்பிற் சட்டம் வைத்து அறைந்தோம். அரையங்குலக் கண் பெரிய எலியைத் தடுக்கும், சுண்டெலியைத் தடுக்காது. நெகிழி வலை எலிக்கு ஒரு வேளைப் பலகாரம். சுவர்த்துளைகளிற் கண்ணாடிச் சில்லும் கம்பிவலைத் துண்டும் திணித்துச் சிமெண்டு பூசினோம். துணியும் மரத்துண்டும் நுரைப்பஞ்சும் கொண்டு அடைப்பது எலிக்கு மெத்தை தைத்துக் கொடுப்பதாகும்.

இதில் முறை பிறழ்தல் ஆகாது. உள்ளே எலி இருக்கையில் எல்லா வழியையும் அடைத்தால், அது உள்ளேயே செத்து நாறும்; அல்லது புதுவழி குடையும். யாம் தலைவாசலில் ஒரு பாகம் ஒழிய ஏனையவற்றை முதலில் அடைத்து, உள்ளே பத்து நாள் பொறி வைத்தோம். பொறி வைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டெலி புதிய பொருள் எதனையும் ஐயுற்றுச் சில நாள் அணுகாது. சுண்டெலியோ புதியதைக் கண்டால் உடனே முகர வரும். ஆகவே கூண்டுப்பொறியை நான்கு நாள் கதவு வீழாதபடி கட்டிவைத்துக் கருவாடும் தேங்காயும் இட்டு வந்தோம். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தோம். அன்று இரவே இரண்டு அகப்பட்டன. மசால்வடையின் புகழ் பெரிதேயாயினும், எம் அனுபவத்திற் கருவாடே வென்றது. பத்து நாளில் ஒன்பது எலிகள் அகப்பட்டன. இறுதி மூன்றிரவு சாம்பலில் தடமின்மை கண்டு, எஞ்சிய வழியையும் அடைத்தோம்.

பின்னர்ப் பரணைத் துப்புரவு செய்தோம். காய்ந்த எலியெச்சத்தைத் துடைப்பத்தாற் பெருக்கித் தூசியெழுப்புதல் தீது. சலவைத்தூள் கரைத்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகத்திரையும் அணிந்து, துணியால் ஒற்றியெடுத்துப் புதைத்தோம்.

உணவைப் பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். பரணில் ஓலைப்பெட்டியிற் கருப்பட்டி இருந்தது; வைக்கோற் புரியாற் கட்டிய விதைக்கோட்டை இருந்தது. அடுப்புப் புகை இவற்றைப் பூச்சியினின்று காக்கும் என்பது உண்மையே; எலி புகைக்கு அஞ்சுவதில்லை. இப்பொழுது எம் வீட்டில் எரிவாயு அடுப்பாதலின் புகையும் இல்லை. பழைய வழக்கம் மட்டும் நின்றது. கருப்பட்டி தகர டப்பாவுக்கும், விதைநெல் மூடியுள்ள இரும்புக் குதிருக்கும் சென்றன. கோழிக்கு இட்ட தவிடு இரவில் முற்றத்திற் கிடவாதபடி பாட்டியார் மாலையில் அள்ளிவிடுகின்றார். எஞ்சிய நான்கு குறிப்பேடுகளும் ஓலைகளும் இப்போது ஓர் இரும்புப் பெட்டியில், பரணிலன்றிக் கூடத்திற் பலகையின்மேல் உள.

தளமிட்ட வீட்டினர் தமக்கு இக்கவலை இல்லை என்று எண்ண வேண்டா. நீர்க்குழாயும் குளிர்சாதனக் குழாயும் சுவரைத் துளைத்துச் செல்லுமிடங்களில் விடப்படும் இடைவெளியும், அழகுக்காகத் தொங்கவிடும் பொய்க்கூரையும் எலிக்குப் பரணே. எம் விடுதியின் மேல்மாடியிலும் இரவில் ஓட்டம் கேட்கின்றது. அதனை ஈண்டு விரித்தல் நன்றன்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர்சென்று மீண்டும் சாம்பல் தூவிப் பார்த்தோம். கிழக்குச் சுவரிற் பல்லியின் தடம் ஒன்றே இருந்தது. மேற்குச் சுவர்த்தலையில் மட்டும் ஒரு முழ நீளம் வலை அடிக்கப்படவில்லை. கோடையில் வலை அடிக்கும்போதே அங்கு அடைக்கலாங்குருவி கூடு கட்டியிருந்தது. குஞ்சு பறந்தபின் அடைப்போம் என்று விட்டோம். அது பறந்தது, மற்றொரு சோடி அதே கூட்டில் முட்டையிட்டது. இப்போது முற்றத்துத் தூணில் வாய்குறுகிய மண்கலயம் இரண்டு கட்டித் தொங்கவிட்டுள்ளோம். குருவிகள் அவற்றை எட்டிப் பார்த்துச் செல்கின்றன, குடிபுகவில்லை. அவை குடிபுகும் வரை அவ்வொரு முழத்துக்குக் கீழே பரணில் கூண்டுப்பொறி இருக்கின்றது. பாட்டியார் வாரம் இருமுறை கருவாடு மாற்றி வைக்கின்றார்.